உள் ஸ்கேனா, வயிற்று ஸ்கேனா? ஒரு வாரம் செய்யும் வித்தியாசம்

நாள் தள்ளிப் பத்து நாள் ஆகியிருந்தது. கார்டில் இரண்டு கோடு பார்த்த சந்தோஷம் அடங்குவதற்குள் இடது அடிவயிற்றில் வலி, லேசான உதிரப்போக்கு. பாம்பனிலிருந்து ராமநாதபுரம் போய் வயிற்று ஸ்கேன் எடுத்தோம். "கர்ப்பப்பையில் ஒன்றும் தெரியவில்லை, ஒரு வாரம் கழித்து வாங்க" என்று அனுப்பிவிட்டார்கள். நர்சாக இருக்கும் என் மதினிதான், "ஒரு வாரமெல்லாம் வேண்டாம், நாளைக்கே உள் ஸ்கேன் எடுத்துரு" என்று கையோடு அழைத்துப் போனார். பிறப்புறுப்பு வழியாகக் கருவியை உள்ளே வைத்துப் பார்ப்பதுதான் உள் ஸ்கேன். கரு இடது கருக்குழாயில் தங்கியிருந்தது.

வயிற்று ஸ்கேனுக்கு மூத்திரம் முட்டும்வரை தண்ணீர் குடிக்க வேண்டும். உள் ஸ்கேனுக்குக் காலி வயிறு, நிறைந்த வயிறு எதுவும் பார்க்க வேண்டாம். மூத்திரம் போய்விட்டு வந்து படுத்தால் போதும்.

மற்றதெல்லாம் சின்ன விஷயம். என்னைக் காப்பாற்றியது அந்த ஒரு வாரம். உள் ஸ்கேன் கருவி கர்ப்பப்பைக்கு மிக அருகில் போவதால், கரு வளரும் சிறு பை, கடைசி மாதவிடாயிலிருந்து எண்ணினால் சுமார் 5 வாரத்திலேயே தெரிந்துவிடும். வயிற்றின் மேல் வைத்துப் பார்த்தால் அதற்கு இன்னும் ஒரு வாரம் போல ஆகும். கருக்குழாயோ மெல்லியது, கரு வளர வளர அது வெடித்து உள்ளேயே ரத்தம் கொட்டலாம். குழாய் வெடிக்காமல், கருவில் துடிப்பு இல்லாமல், ரத்தத்தில் ஹெச்.சி.ஜி. என்ற கர்ப்ப ஹார்மோன் அளவும் குறைவாக இருந்தால், கரு வளர்வதை நிறுத்தும் மெத்தோட்ரெக்சேட் ஊசியிலேயே சரியாக வாய்ப்புண்டு. எனக்கு அப்படித்தான் முடிந்தது. ராமேஸ்வரத்திலிருந்து ராமநாதபுரமே சுமார் 55 கிலோமீட்டர். மதுரை அதற்கும் அப்பால் 100க்கு மேல். வீட்டுக்காரர் கடலில் இருக்கும் ராத்திரியில் குழாய் வெடித்தால்? நம் கரைப் பெண்கள் அந்த ஒரு வாரத்தை விட்டுக்கொடுக்கக் கூடாது.

உள்ளே கருவி வைத்தால் கரு கலைந்துவிடும் என்று என் மாமியார் பயந்தார். கலையாது. கூச்சமாக இருந்தால் பெண் டாக்டரைக் கேளுங்கள், தப்பில்லை.

உள் ஸ்கேனிலும் முதல் தடவையே இடம் பிடிபடாமல் போகலாம். அப்போது 48 மணி நேர இடைவெளியில் ஹெச்.சி.ஜி. இரண்டு முறை பார்த்து, மறுபடி ஸ்கேன் செய்வார்கள். எனக்கு முதலிலேயே தெரிந்துவிட்டதால் அந்தக் காத்திருப்பை நான் அனுபவித்ததில்லை. ஆனால் ரத்தப் பரிசோதனையை மட்டும் நம்பி இருந்துவிடாதீர்கள். கரு எங்கே இருக்கிறது என்று அந்த எண் சொல்லாது.

அப்புறம், திடீரென்று கடுமையான வயிற்று வலி, மயக்கம், தோள்பட்டை நுனியில் வலி வந்தால் எந்த ஸ்கேன் என்று யோசிக்கவே வேண்டாம். உடனே 108ஐக் கூப்பிடுங்கள்.