கடனா, சம்பளமா, மானியமா: கொரோனா காலத்தில் டிராவல்ஸ்காரருக்கு எது கைகொடுக்கும்?

2020 ஏப்ரலில் கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் என் மாமாவின் டிராவல்ஸ் ஆபீஸ் பூட்டிக் கிடந்தது. ஆனாலும் அவருக்கு வேலை ஓயவில்லை. அந்த மாதம் 28 பேரைக் காசிக்கு அழைத்துப்போவதாக இருந்தார். திண்ணையில் நோட்டை விரித்து, வாங்கிய முன்பணம், ஓட்டலுக்குக் கட்டியது, திரும்பி வந்தது என்று ஒவ்வொரு பெயருக்கு நேராகவும் எழுதிக்கொண்டிருப்பார். "அண்ணே, என் பணம் எப்ப வரும்?" என்று ராத்திரி பத்து மணிக்கும் போன் வரும்.

துணிக்கடைக்காரருக்கு வியாபாரம் நின்றுபோனது. டிராவல்ஸ்காரருக்கோ, ஜனவரியில் கைக்கு வந்த கமிஷனே ஏப்ரலில் திரும்பிப் போனது. திருப்பிக் கொடுக்கும் வேலைக்குக் கூலியும் கிடையாது. அரசு உதவிகளை நான் இதை வைத்துத்தான் உரசிப் பார்க்கிறேன்.

இங்கே கிடைத்தது பெரும்பாலும் கடன். ரிசர்வ் வங்கி மார்ச் முதல் ஆகஸ்ட் வரை தவணையைத் தள்ளிப்போட அனுமதித்தது. வட்டி ஓடிக்கொண்டே இருந்தது. மே மாதம், வங்கி தரும் கடனுக்கு அரசு பொறுப்பேற்கும் அவசரக் கடன் உத்தரவாதத் திட்டம் வந்தது. பிப்ரவரி 29 அன்று நிலுவையில் இருந்த கடனில் 20 சதவீதம் கூடுதல் கடனாகக் கிடைக்கும். சுற்றுலாத் துறைக்கு 2021 மார்ச்சில் அதை 40 ஆக்கினார்கள். மூன்று லட்சம் பாக்கி வைத்திருந்தவருக்கு முதலில் 60,000, பிறகு மொத்தம் 1,20,000 ரூபாய். சரி, கடனே வாங்காமல் தொழில் நடத்தியவருக்கு? ஒன்றுமில்லை. மாமா அந்த வகை.

2021 ஜூன் 28 அன்று சுற்றுலாத் துறைக்கென்றே 10 லட்சம் வரை உத்தரவாதக் கடன் அறிவித்தார்கள். மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் அங்கீகாரம் பெற்றவர்களுக்கு என்றார்கள். நாடு முழுவதும் சுமார் 1,000 பேர். கடலூரிலும் புதுச்சேரியிலும் இரண்டு மேசை போட்டு நடத்துகிறவர்கள் அந்தப் பட்டியலுக்கு எங்கே போவார்கள்?

பிரிட்டனில், நிறுவனங்களின் ஊழியர் சம்பளத்தில் 80 சதவீதத்தை, மாதம் 2,500 பவுண்டு வரை, அரசே ஏற்றுக்கொண்டது. ஆனால் தொடக்கத்தில், அந்தப் பணம் வாங்கும் ஊழியர் தன் நிறுவனத்துக்கு எந்த வேலையும் செய்யக்கூடாது. அப்புறம் ரீஃபண்ட் வேலையை யார் பார்ப்பது? சிங்கப்பூர் இந்தச் சிக்கலை வைக்கவில்லை. வேலையில் இருக்கும் ஊழியருக்கே, டிராவல் ஏஜென்சி என்றால் முதல் 4,600 சிங்கப்பூர் டாலர் சம்பளத்தில் 75 சதவீதம் கொடுத்தது.

புதுச்சேரியில் பல குடும்பங்களுக்குச் சொந்தக்காரர்கள் இருக்கும் பிரான்ஸில் வேறு வழி. சிறு நிறுவனங்களுக்குத் தொடக்கத்தில் மாதம் 1,500 யூரோ வரை உதவி. கூடவே, ரத்தான சுற்றுலாவுக்குப் பணத்துக்குப் பதில் 18 மாதம் செல்லும் வவுச்சர் தரலாம் என்று சட்டம். ஏஜென்ட் கையில் பணம் தங்கும், உண்மைதான். ஆனால் மாமாவின் பட்டியலில் பூ விற்றுச் சேர்த்த பணத்தைக் கட்டிய ஒரு பாட்டி இருந்தார். ஊரடங்கில் அவரிடம் வவுச்சரை நீட்ட முடியுமா? எனக்கு மனம் ஒப்பவில்லை.

இருப்பதில் பொருத்தமானது ஆஸ்திரேலியா செய்ததுதான். 2020 டிசம்பரில் டிராவல் ஏஜென்ட்களுக்கென்றே 12.8 கோடி ஆஸ்திரேலிய டாலர் ஒதுக்கி, விற்றுமுதலுக்கு ஏற்ப 1,500 முதல் 1,00,000 டாலர் வரை கொடுத்தார்கள். பயணிகளின் பணத்தைத் திருப்பி வாங்கித் தரும்வரை இவர்கள் தாக்குப்பிடிக்க வேண்டும் என்பதே நோக்கம். திருப்பிக் கட்டத் தேவையில்லை. தாமதமாக வந்தது, அது குறைதான். ஆனாலும் அந்தக் கூலியில்லாத வேலையை ஓர் அரசு கண்ணெடுத்துப் பார்த்தது. இங்கேயும் முடிந்திருக்கும், ஜிஎஸ்டி கட்டுகிறவர்களின் விற்றுமுதல் அரசின் கையிலேயே இருந்ததே.

மாமாவுக்கு எட்டியது ஒன்றுதான். 2020 ஆகஸ்டில் வங்கி நகைக்கடன் வரம்பைத் தங்கத்தின் மதிப்பில் 75 சதவீதத்திலிருந்து 90 ஆக உயர்த்தினார்கள். அத்தையின் நான்கு வளையல்கள் அப்படித்தான் பேங்குக்குப் போயின. பாட்டியின் பெயரைத்தான் முதலில் அடித்தார். மற்ற 27 பெயர்களையும் அடித்து முடிக்க அடுத்த பொங்கல் வந்துவிட்டது.