லினக்ஸ்ல தானா ஓடுற ஆப்பை நிறுத்த: அழிக்கறதா, மறைக்கறதா, மாஸ்க் பண்றதா

லாகின் பண்ணதும் ஒரு சிங்க் ஆப் தானா எழுந்து உக்காந்துக்கும், எனக்கு அது வாரத்துல ஒரு தடவைதான் வேணும். அன்இன்ஸ்டால் பண்ண மனசில்ல, தானா ஓடாம இருந்தா போதும். அதுக்கு இருக்கற வழிகளை மாத்தி மாத்திப் போட்டுப் பாத்து, இப்ப ஒண்ணுல நிலையா இருக்கேன்.

தானா ஓடற ஆப் லிஸ்ட் இருக்கற இடம் உபுண்டுல ஸ்டார்ட்அப் அப்ளிகேஷன்ஸ், கேடிஇ-ங்கற டெஸ்க்டாப்ல சிஸ்டம் செட்டிங்ஸ்க்குள்ள ஆட்டோஸ்டார்ட். ஆப் அந்த லிஸ்ட்ல இருந்தா அங்கயே அணைச்சுடுங்க, வேலை முடிஞ்சுது. சிலது லிஸ்ட்லயே வராது, ஏன்னா அதோட டெஸ்க்டாப் ஃபைல்ல (ஆப்பை எப்படி ஓட்டணும்னு சொல்ற சின்ன டெக்ஸ்ட் ஃபைல்) நோடிஸ்ப்ளே=ட்ரூன்னு இருக்கும், உபுண்டுவோட டூல் அப்படிப்பட்டதைக் காட்டாது. என்னோடதும் அந்த ரகம்.

அதனால முதல்ல சூடோ போட்டு (அட்மின் உரிமையோட), சிஸ்டம் முழுக்கவுக்குமான செட்டிங் இருக்கற இடிசி ஃபோல்டர்ல எக்ஸ்டிஜி-க்குள்ள இருக்கற ஆட்டோஸ்டார்ட் ஃபோல்டர்ல போய் அந்த ஃபைலையே அழிச்சேன். கொஞ்ச நாள் நிம்மதி, அப்புறம் ஒரு அப்டேட் வந்துச்சு, ஃபைலும் திரும்ப வந்துடுச்சு. நான் அப்ப ஓட்டினது ஃபெடோரா மாதிரி ஆர்பிஎம் பேக்கேஜ் வகை டிஸ்ட்ரோ (லினக்ஸ் பதிப்பு). உபுண்டு மாதிரி டெபியன் வகையில அழிச்ச கான்ஃபிக் (செட்டிங்) ஃபைலை டிபிகேஜி-ங்கற பேக்கேஜ் டூல் பொதுவா திரும்பக் கொண்டுவராது, ஆனா அழிக்காம திருத்தி வச்சா, பேக்கேஜ்ல அந்த ஃபைல் மாறும்போது உங்க ஃபைலா புது ஃபைலான்னு கேட்டு நிக்கும். அதோட இடிசி-ல கை வச்சா அந்த மெஷின்ல லாகின் பண்ற எல்லாருக்கும் ஆப் நின்னுடும்.

எனக்கு முடிவு பண்ணது இந்த அப்டேட் விஷயம்தான். இன்னைக்கு நிறுத்தறது சுலபம், ஆறு மாசம் கழிச்சும் நின்னே இருக்கணுமே. அதனால இப்ப அதே ஃபைலை, பேர் ஒரு எழுத்துகூட மாறாம, என்னோட ஹோம் ஃபோல்டர்ல டாட் கான்ஃபிக்குக்குள்ள இருக்கற ஆட்டோஸ்டார்ட் ஃபோல்டருக்கு காப்பி பண்ணி ஹிடன்=ட்ரூன்னு ஒரு வரி சேத்துடறேன். ஒரே பேர்ல ரெண்டு ஃபைல் இருந்தா ஹோம்ல இருக்கறதுதான் செல்லும், ஹிடன் இருந்தா அந்த ஃபைலே இல்லாத மாதிரி எடுத்துக்கும். பேக்கேஜ் மேனேஜர் ஹோம் பக்கமே வராது, எத்தனை அப்டேட் வந்தாலும் அது இடிசி-ல இருக்கற ஃபைலைத்தான் மாத்தும், நம்மளுது அப்படியே கிடக்கும். ஹோம் தனி பார்ட்டிஷன்ல இருந்து அதை ஃபார்மட் பண்ணாம விட்டா, டிஸ்ட்ரோவை புதுசா போட்டாலும் தப்பிச்சுடும். ஆப் திரும்ப வேணும்னா காப்பியை அழிச்சா போதும், ரூட் பாஸ்வேர்டே தேவையில்ல.

ஒண்ணு கவனிங்க, அந்த வரி டெஸ்க்டாப் என்ட்ரிங்கற தலைப்புக்கு நேர் கீழ வரணும். கடைசியில ஒட்டினா சில ஃபைல்ல டெஸ்க்டாப் ஆக்‌ஷன்னு வேற பகுதிக்குள்ள போய் விழும், எந்த பலனும் இருக்காது, நான் ஒரு சாயங்காலம் முழுக்க இதுல தேடினேன். எக்ஸ்-க்னோம்-ஆட்டோஸ்டார்ட்-எனேபிள்ட்=ஃபால்ஸ்னு போடறவங்களும் உண்டு, ஆனா அது பேர்லயே சொல்ற மாதிரி க்னோம்ங்கற டெஸ்க்டாப்புக்குன்னு வந்தது, ஹிடன்தான் டெஸ்க்டாப்புகளுக்குப் பொதுவான ஃப்ரீடெஸ்க்டாப் ஸ்பெக்ல இருக்கறது, டெஸ்க்டாப் மாத்தினாலும் கூடவே வரும்.

சில ஆப் ஹோம்ல தானே ஃபைல் எழுதும், ஒவ்வொரு தடவை திறக்கும்போதும் திரும்ப எழுதறதும் உண்டு. அதுக்கு இந்த வழி நிக்காது, முதல்ல ஆப்போட செட்டிங்ஸ்ல அந்த டிக்கை எடுத்துடுங்க.

சிஸ்டம்டி (பின்னணி சர்வீஸ்களை நடத்தற லினக்ஸ் பகுதி) யூசர் சர்வீஸா ஓடறது வேற கதை, அதுக்கு டெஸ்க்டாப் ஃபைல்ல தேடிப் பயனில்ல. அதோட கமாண்டான சிஸ்டம்சிடிஎல்லை யூசர் மோட்ல போட்டு டிஸேபிள் பண்ணாலும் வேற ஒரு சர்வீஸோ, ஆப்கள் ஒண்ணோட ஒண்ணு பேசற டிபஸ்ஸோ கூப்பிட்டா திரும்ப எழுந்துடும், மாஸ்க் பண்ணா அந்த சர்வீஸோட யூனிட் ஃபைல் டெவ் நல்லுக்கு (எதுவுமே இல்லாத வெத்து ஃபைல்) லிங்க் ஆகிடும், யார் கூப்பிட்டாலும் எழாது. நான் மாஸ்க் போட்டது ரெண்டே ரெண்டு சர்வீஸுக்கு, அது ஒழுங்கா நிக்குது, ஆனா அதை நம்பி இன்னொண்ணு இருந்தா அதுவும் படுத்துடும், போடறதுக்கு முன்னாடி யார் நம்பி இருக்காங்கன்னு பாத்துக்கங்க.

கேடிஇ-ல நான் இருந்தது கொஞ்ச காலம்தான். அங்க இத்தனையும் பண்ணியும் ஆப் வந்துச்சுன்னா செஷன் ரீஸ்டோரைப் பாருங்க, போன தடவை திறந்தே விட்டுட்டு லாக்அவுட் பண்ணதை அது திரும்ப எழுப்பும், காலி செஷனோட ஆரம்பிக்கச் சொல்லிட்டா நின்னுடும்.