மாதிரியா, கோப்பா, ஆளா: உராய்வியல் கூட்டாய்வுக்கு எது உகந்தது?

உலோகத் தூளை லேசரால் உருக்கி அடுக்கடுக்காக அச்சிடும் இயந்திரம் ஒரு பல்கலைக்கழகத்தில் இருக்கும்; தேய்மானத்தை அளக்கும் கருவியும், உராய்வையும் தேய்மானத்தையும் ஆராயும் உராய்வியலில் கைதேர்ந்தவர்களும் வேறொரு நாட்டில் இருப்பார்கள். இரண்டையும் இணைக்க மூன்று வழிகள் உண்டு: அச்சிட்ட மாதிரிகளைக் கூரியரில் அனுப்பலாம், வடிவக் கோப்பை மட்டும் அனுப்பி அவரவர் இடத்தில் அச்சிடச் சொல்லலாம், ஆய்வு மாணவரையே அனுப்பலாம். என் ஓட்டு மூன்றாவதற்குத்தான்.

மாதிரி அனுப்புவது மலிவு, வேகம். ஆனால் பெட்டியில் போகாத விவரங்கள் பல. 316எல் துருப்பிடிக்காத எஃகு வட்டு ஒன்றை எடுத்துக்கொள்வோம். அச்சிலிருந்து வந்தபடியே இருக்கும் அதன் மேற்பரப்பில் பாதி உருகிய தூள்மணிகள் ஒட்டிக்கொண்டிருக்கும். சுழலும் வட்டின் மீது ஒரு முனையை அழுத்தித் தேய்மானத்தை அளக்கும் குண்டூசி-வட்டுச் சோதனைக்கு ஏஎஸ்டிஎம் என்ற தர நிர்ணய அமைப்பு வகுத்த ஜி99 தரமோ சராசரிச் சொரசொரப்பு 0.8 மைக்ரோமீட்டருக்குள் இருப்பதைப் பரிந்துரைக்கிறது. பெற்றுக்கொண்ட ஆய்வகம் முறைப்படி வட்டைத் தேய்த்து மெருகேற்றிவிடும். அனுப்பியவர் ஆராய நினைத்த மேற்பரப்பே அத்தோடு போய்விட்டது! வட்டு நின்றவாக்கில் அச்சிடப்பட்டதா, படுத்தவாக்கிலா என்பதும் அப்படித்தான். தேய்தடம் அடுக்குகளின் குறுக்கே ஓடுகிறதா, ஒரே அடுக்கின் மீது ஓடுகிறதா என்று தெரியாவிட்டால், வரும் எண்ணை வைத்து எதையும் விளக்க முடியாது.

கோப்பு வழி கேட்கும் கேள்வியே வேறு: எங்கே அச்சிட்டாலும் பொருள் ஒரே மாதிரி தேயுமா? தொழிற்சாலைகளுக்கு வேண்டிய கேள்வி இது. ஆனால் 1980-களில் வாமாஸ் என்ற பன்னாட்டுப் பொருள்-தர ஆய்வுத் திட்டம் நடத்திய ஒப்பீட்டை மறக்கக்கூடாது. 7 நாடுகளின் 31 ஆய்வகங்கள், ஒரே மூலத்திலிருந்து வந்த மாதிரிகளை 10 நியூட்டன் சுமை, வினாடிக்கு 0.1 மீட்டர் வேகம் என ஒரே நிபந்தனையில் சோதித்தன. அப்படியும் ஓர் ஆய்வகத்துக்குள் இருந்த வேறுபாட்டைவிட ஆய்வகங்களுக்கு இடையிலான வேறுபாடு அதிகமாகவே வந்தது. இதன் மேல் தூள், வாயு, லேசர் ஓட்டப்பாதை ஆகியவற்றின் வேறுபாடுகளும் சேர்ந்தால் காரணத்தை எங்கே தேடுவது? அச்சிட்டதில் பாதியை இரு தரப்பும் மாற்றிக்கொண்டு சோதித்தால் மட்டுமே அச்சின் விளைவையும் கருவியின் விளைவையும் பிரித்தறிய முடியும். தூளும் ஒரே தொகுதியாக இருக்க வேண்டும். அலுமினியம், டைட்டானியத் தூள்கள் தீப்பற்றக்கூடியவை என்பதால் அதை அனுப்புவதே ஒரு பாடு.

ஆளை அனுப்பினால் விசா, தங்குமிடம், கூட்டு முனைவர் பட்டத்துக்கான ஒப்பந்தம் என்று மாதக்கணக்கில் இழுக்கும். பணமும் அதிகம். ஆனாலும் அச்சிட்டவரே தேய்மானக் கருவியின் அருகில் நிற்பதற்கு ஈடு இல்லை. எடை பார்க்கும் முன் வழக்கமாகத் துடைத்தெறியப்படும் தேய்துகள்களை அவர் எடுத்து வைப்பார். அவற்றில் இருப்பது ஆக்சைடா, பெயர்ந்து வந்த தூள்மணியா என்று நுண்ணோக்கியில் பார்த்தால், தேய்மானம் எப்படித் தொடங்கியது என்பதற்குத் தடயம் கிடைக்கும். வெறும் எண்களின் அட்டவணையை மின்னஞ்சலில் பெறுபவருக்கு அது கிடைக்காது.

நிதி குறைவு என்றால், பயணத்தை முதல் தொகுதிச் சோதனைக்கு ஒதுக்குங்கள். மெருகேற்றுவதா, எந்தத் திசையில் தேய்ப்பது, துகளை எப்படிச் சேகரிப்பது ஆகிய மூன்றையும் மாணவர் நேரில் பேசி எழுதிவைத்துவிட்டால், அடுத்தடுத்த தொகுதிகளுக்குக் கூரியரே போதும்.