ஹார்ட்வேரா, ஸ்டீலா?

இரண்டு காமிக்ஸ்களிலும் நாயகன் கறுப்பின விஞ்ஞானி. தானே வடிவமைத்த இயந்திரக் கவசம்தான் அவனுடைய பலம். இரண்டுமே 1990களில் தொடங்கி, ஏறக்குறைய நான்கே ஆண்டுகளில் நின்றுபோயின.

மைல்ஸ்டோன் என்ற காமிக்ஸ் நிறுவனம் உருவாக்கிய ‘ஹார்ட்வேர்’ (1993–97) கோபத்தில் பிறந்த கதை. கர்டிஸ் மெட்காஃபின் கண்டுபிடிப்புகளால் முதலாளி எட்வின் ஆல்வா கோடி கோடியாகச் சம்பாதிக்கிறார். லாபத்தில் பங்கு கேட்டால் மறுக்கிறார். ஆல்வாவுக்குக் குற்றக் கும்பல்களோடு இருக்கும் உறவு தெரியவந்ததும், அவருடைய நிறுவனத்தின் வசதிகளைக் கொண்டே கவசம் செய்து அவருக்கு எதிராகவே கிளம்புகிறான் கர்டிஸ். எழுத்தாளர் டுவைன் மெக்டஃபி அதோடு விட்டுவிடவில்லை. தான் செய்வது நியாயமா, வெறும் பழிவாங்கலா என்று நாயகனையே தன்னைக் கேட்டுக்கொள்ள வைக்கிறார். சூப்பர்ஹீரோ கதைகளில் இந்தத் துணிச்சல் அரிது. ஓவியர் டெனிஸ் கோவனின் கரடுமுரடான கோடுகளிலும் அதே கொதிப்பு.

டிசி காமிக்ஸ் நிறுவனத்தின் ‘ஸ்டீல்’ (1994–98) குற்றவுணர்விலிருந்து எழுகிறது. ஜான் ஹென்றி அயர்ன்ஸ் வடிவமைத்த ஆயுதங்கள் தெருக்களுக்கு வந்து உயிர்களைப் பறிக்கின்றன. பரிகாரம் தேடிச் சுத்தியலை ஏந்துகிறான். மனதுக்கு நெருக்கமான பாத்திரம்தான். ஆனால் சூப்பர்மேனின் மரணக் கதையிலிருந்து கிளைத்தவன் என்பதால், அந்த நிழல் அவனை எளிதில் விடுவதில்லை.

ஒன்றை மட்டும் படிக்க நேரமிருந்தால், ஹார்ட்வேரின் முதல் எட்டு இதழ்களைத் தேடிப் பிடியுங்கள்.