ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ்: திரும்பி வருகிறவர்களுக்கு 2-ஆ, 4-ஆ?

களியக்காவிளையில் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு பிரவுசிங் சென்டர் இருந்தது. ஸ்கூல் விட்டதும் அங்கேதான் கிடப்போம். நாங்கள் மூன்று பேர், கேரள எல்லைக்கு அந்தப் பக்கம் பாறசாலையிலிருந்து வருகிற ஒருத்தன், நாலு கம்ப்யூட்டரையும் லேனில் இணைத்து ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2. ஊரைக் கட்டி, படை திரட்டி, எதிரியோடு மோதுகிற கம்ப்யூட்டர் ஆட்டம் அது. 1999-ல் வந்தது, எங்கள் கைக்கு வரும்போது அதற்கே சில வயது ஆகியிருந்தது. அப்புறம் படிப்பு, வேலை என்று விட்டுப்போய், இந்த மழைக்காலத்தில்தான் திரும்ப உட்கார்ந்தேன். எண் போட்டு வந்ததில் கடைசியான 4-ஐ முதலில் போட்டேன், பிறகு பழைய 2-இன் புதுப்பித்த பதிப்பான டெஃபினிட்டிவ் எடிஷன். இரண்டையும் மாறி மாறி இரண்டு மாதம் ஆடியதை வைத்துச் சொல்கிறேன்.

4 வந்தது 2021 அக்டோபரில், ரெலிக் என்ற நிறுவனம் செய்தது. நல்ல ஆட்டம், அதில் சந்தேகமே வேண்டாம். எனக்கு ரொம்பப் பிடித்தது சத்தம். ஆட்டத்தில் நம் ஊர் ஒரு யுகத்திலிருந்து அடுத்த யுகத்துக்கு வளரும். ஆங்கிலேயர்களை எடுத்தால் முதல் யுகத்தில் பழைய ஆங்கிலம் பேசுகிற குடியானவன், யுகம் மாற மாற மொழியும் மாறிப் பேசுகிறான். மதில் மேல் வில்லாளிகளை ஏற்றி நிறுத்தலாம், 2-இல் அது கிடையாது. காட்டுக்குள் படையை ஒளித்து வைத்துப் பாயலாம். யுகம் தாண்ட வேண்டுமென்றால் பட்டனை அமுக்கிக் காத்திருப்பதில்லை, இரண்டு பெரிய கட்டடங்களில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து ஆளை விட்டுக் கட்ட வேண்டும், அந்தத் தேர்வே ஆட்டத்தின் போக்கை மாற்றிவிடும். கேம்பெயினுக்கு, அதாவது கதையாகத் தொடர்ந்து ஆடுகிற பகுதிக்கு, நடுவே வருகிற ஆவணப்படத் துண்டுகளை நான் ஒன்றுவிடாமல் பார்த்தேன்.

ஆனால் நாம் எடுத்து ஆட முதலில் வந்த எட்டு நாகரிகங்களில் இந்தியா என்றால் டெல்லி சுல்தானகம் மட்டும்தான். அதுவும் சுவாரசியமானதுதான், ஆராய்ச்சிக்குக் காசே வேண்டாம், நேரம் மட்டும் பிடிக்கும், மசூதியில் அறிஞர்களை உட்காரவைத்து அந்த நேரத்தைக் குறைக்க வேண்டும். அதை ஆடி ஜெயிக்கவும் செய்தேன். ஆனாலும் அது விந்தியத்துக்கு வடக்கே நடக்கிற கதை.

இங்கேதான் 2 என்னைப் பிடித்துக்கொண்டது. 2022 ஏப்ரலில் அதற்கு வந்த டைனஸ்டீஸ் ஆஃப் இந்தியா தொகுப்பில் திராவிடர்கள் என்று ஒரு நாகரிகமே இருக்கிறது, ராஜேந்திர சோழன் பேரில் தனி கேம்பெயினும் உண்டு. முதல் தடவை ஒரு வில்லேஜரைக் கிளிக் செய்ததும் அவன் தமிழில் பதில் சொன்னான். ஹெட்போனைக் கழற்றி ஸ்பீக்கரில் போட்டேன். அடுப்படியிலிருந்து அம்மா எட்டிப் பார்த்து, "யாருலே அது?" என்றாள். ஸ்கூல் நாளெல்லாம் இந்த ஆட்டத்தில் வேறு யார் யாருக்கோ மரம் வெட்டிக் கொடுத்தவனுக்கு அந்த ஒரு நிமிஷம் எப்படி இருந்தது என்று எழுதிக் காட்ட எனக்குத் தெரியவில்லை.

காஸில் என்கிற கோட்டையில் வருகிற அவர்களுடைய தனி வீரன் உறுமிக்காரன். உறுமி என்றால் மேளமில்லை, வளைகிற வாள். நம் ஊரில் சுருள்வாள் என்போம், அடிமுறை என்கிற சண்டைக்கலை ஆசான்களிடம் பார்த்திருக்கலாம். அவனை எதிரிக் கூட்டத்துக்குள் விட்டுப் பாருங்கள், முதல் வீச்சில் சுற்றி நிற்கிற ஏழெட்டுப் பேருக்கும் சேர்த்து அடி விழும், அப்புறம் சில விநாடி சாதாரண வெட்டுதான், மறுபடி வேகம் சேர்ந்ததும் அடுத்த வீச்சு. பாறசாலைக்காரனிடம் இதைக் காட்டியபோது, "அளியா, அது ஞங்ஙளுடெ களரியிலெ உறுமியாணு" என்று சண்டைக்கு வந்தான். ரெண்டு பேருக்கும் உள்ளதுதான் மக்கா என்று சொல்லி முடித்தேன், அதுதானே உண்மையும்.

பலவீனமும் இருக்கிறது. திராவிடர்களுக்கு நைட் என்கிற கனத்த குதிரைவீரன் கிடையாது, குதிரைப்படையை நம்பி ஆடிப் பழகியவர்கள் முதல் பத்து ஆட்டம் தோற்பார்கள், நான் தோற்றேன். பதிலாக ஒவ்வொரு யுகம் தாண்டும்போதும் 200 மரம் இலவசம், காலாட்படைக் கூடத்து மேம்பாடுகள் பாதி விலை, கடல் என்றால் திரிசடை என்ற பெரிய போர்க்கப்பல். கரை உள்ள மேப்பில் இவர்களை எடுத்துத்தான் பழக வேண்டும்.

பழைய தொல்லை ஒன்றும் போய்விட்டது. முன்பு வயல் தீர்ந்துபோவதைக் கவனிக்காமல் விட்டால் ஆட்கள் சும்மா நிற்பார்கள், அதிலேயே எத்தனை ஆட்டம் போயிருக்கிறது! இப்போது அதுவாகவே திரும்ப விதைத்துக்கொள்ளும், மரம் மட்டும் கையிருப்பில் இருக்க வேண்டும். 4-இல் வயல் தீர்வதே இல்லை, அந்த வகையில் அது இன்னும் சுலபம். காட்டுப்பன்றியை ஒரு அம்பு விட்டுச் சீண்டி, டவுன் சென்டர் வரை ஓடிவந்து, மற்றவர்களை விட்டு அதைச் சாய்க்கிற வேலை இருக்கிறதே, அது 2-இல் அப்படியே இருக்கிறது. என் விரல் மறக்கவே இல்லை.

கம்ப்யூட்டர் விஷயம் சுருக்கமாக. 4-க்குக் குறைந்தது 8 ஜிபி ரேம், 50 ஜிபி இடம் வேண்டும். பழைய லேப்டாப் என்றால் 2-க்கே போங்கள்.

இந்தத் தொடரைத் தொட்டதே இல்லை என்பவருக்கு 4-ஐயே சொல்வேன், கண்ணுக்குத் தெளிவு, கற்றுக்கொள்ள லேசு. ஆனால் பிரவுசிங் சென்டர் காலத்து ஆள் என்றால் யோசிக்காமல் 2. நாங்கள் நாலு பேரும் இப்போது வெள்ளி ராத்திரி பத்து மணிக்கு ஆன்லைனில் சேர்கிறோம், ஒருத்தன் ஷார்ஜாவில், ஒருத்தன் பெங்களூரில். போன வாரம் பாறசாலைக்காரனும் திராவிடர்களையே எடுத்தான்.