ஃபிளாகைக் கையால் எழுதுவதா, பிகேஜி-கான்ஃபிக்கிடம் கேட்பதா?

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் ஒரு கொலுசுப் பட்டறைக்கு எடைச்சீட்டு அச்சடிக்கும் சின்ன சி புரோகிராம் எழுதிக் கொடுத்தேன். எழுத்துகளை வரைய ஃப்ரீடைப் லைப்ரரி. கம்பைலருக்குச் சொல்ல வேண்டிய ஃபிளாகுகளை, அதாவது ஹெடர் ஃபோல்டர், லைப்ரரி ஃபைலின் முழுப் பாதை, எல்லாவற்றையும் கம்பைல் கட்டளைகள் இருக்கும் மேக்ஃபைலில் கையால் எழுதியிருந்தேன். என் லேப்டாப்பில் ஓடியது. பட்டறையில் இருக்கும் ராஸ்பெரி பை என்ற சின்னக் கணினியில் கம்பைல் செய்தால் 'ஃபைல் இல்லை' என்று நின்றுவிட்டது. நான் எழுதியது இன்டெல் கணினியின் பாதை. ராஸ்பெரி பையில் அந்த ஃபோல்டரே கிடையாது.

பிகேஜி-கான்ஃபிக் (pkg-config) என்ற கருவி இந்தச் சிக்கலைத்தான் தீர்க்கிறது. லைப்ரரியை வைத்து கம்பைல் செய்யத் தேவையான டெவ் பேக்கேஜோடு, '.pc' என்று முடியும் ஒரு பிசி ஃபைலும் வந்து இறங்கும். அந்தக் கணினியில் ஹெடர் எங்கே, எதை லிங்க் செய்ய வேண்டும், வேறு எந்த லைப்ரரி தேவை என்பதெல்லாம் அதில் இருக்கும். மேக்ஃபைலில் பெயரைச் சொல்லிக் கேட்டால் போதும். பெயரில் மட்டும் கவனம்: 'ஃப்ரீடைப்' இல்லை, 'ஃப்ரீடைப்2'. லைப்ரரியை ஸ்டாட்டிக்காக, அதாவது புரோகிராமுக்குள்ளேயே சேர்த்து லிங்க் செய்தால் 'ஸ்டாட்டிக்' (--static) ஆப்ஷனும் சேர்த்துக் கேட்க வேண்டும். இல்லாவிட்டால் அந்த லைப்ரரிக்கு உள்ளே தேவைப்படும் மற்ற லைப்ரரிகள் விடுபடும்.

கையால் எழுதுவதற்கும் இடம் உண்டு. கணித லைப்ரரிக்குப் பிசி ஃபைல் கிடையாது. அதற்கு 'மைனஸ் எல்எம்' (-lm) என்று நேராக எழுதிவிடலாம்.

எந்த முறையானாலும் லைப்ரரி ஃபிளாகுகளை சோர்ஸ் ஃபைலுக்குப் பின்னால் போடுங்கள். முன்னால் போட்டால் உபுண்டுவில் 'அன்டிஃபைன்டு ரெஃபரன்ஸ்' என்ற பிழை வரும். அப்புறம், வேறு கணினிக்காக உங்கள் லேப்டாப்பிலேயே கம்பைல் செய்தால் பிகேஜி-கான்ஃபிக் பிசி ஃபைலைத் தேடும் பாதையை மாற்றிவிடுங்கள், இல்லையென்றால் உங்கள் லேப்டாப்பின் பிசி ஃபைலையே அது எடுத்துக்கொள்ளும்.