கிடார் ஆம்ப்பை சர்வீஸுக்குக் கொடுக்கப் போகிறீர்களா? என் எட்டு பேட்ச் போன கதை

டிஜிட்டல் ஆம்ப் வைத்திருக்கிற கிடார்காரர்கள் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். இரண்டு இடங்களில் அடுத்தடுத்து ஏமாந்திருக்கிறேன். முதல் கடையில், ஆம்ப்பில் நான் சேமித்து வைத்திருந்த சவுண்டையெல்லாம் (இவற்றைத்தான் பேட்ச் என்போம்) அழித்துவிட்டு அதற்குக் கூலியும் வாங்கிக்கொண்டார்கள். இரண்டாவது ஆள், அழிந்ததை மீட்டுத் தருகிறேன் என்று யார் யாருடைய சவுண்டையோ என் தலையில் கட்டினார். பெயர்களைப் போடவில்லை. போட்டால் பேச்சு அந்த இரண்டு பேரைச் சுற்றியே போய்விடும். இதே வேலையைச் செய்கிறவர் உங்கள் ஊரிலும் இருப்பார்.

நான் மதுரைப் பக்கம் ஒரு லைட் மியூசிக் ட்ரூப்பில் லீட் வாசிக்கிறேன். கல்யாண ரிசப்ஷன், கோயில் திருவிழா, சில சமயம் காது குத்து. என் ஆம்ப் 50 வாட், 12 இஞ்ச் ஸ்பீக்கர். முகப்பில் நான்கு பட்டன், இரண்டு பேங்க், அதாவது ஒவ்வொரு பட்டனுக்கும் இரண்டு அடுக்கு, ஆக எட்டு பேட்ச் வைத்துக்கொள்ளலாம். பட்டனைத் தொட்டால் பேட்ச்சைக் கூப்பிடும். அதே பட்டனை அழுத்திப் பிடித்தால் இப்போது இருக்கிற சவுண்டை அதன் மேல் எழுதிவிடும். விளக்கு சிமிட்டினால் எழுதியாகிவிட்டது என்று அர்த்தம். கூப்பிடுவதும் எழுதுவதும் ஒரே பட்டன் என்பதால் ஆரம்பத்தில் ஒரு தடவை மேடையிலேயே நல்ல பேட்ச் ஒன்றை நானே அழித்திருக்கிறேன். அது வேறு கதை.

அந்த எட்டும் ஒரே நாளில் உட்கார்ந்து வைத்தவை அல்ல. வீட்டில் ராத்திரி பத்து மணிக்கு மெதுவாக வைத்து வாசிக்கும்போது பேஸ் போதாது போலத் தோன்றும், ஏற்றிவிடுவோம். அதையே மேடையில் சத்தமாக வைத்தால் தம் தம் என்று முழங்கும். சத்தம் குறைவாக இருக்கும்போது நம் காது பேஸைக் குறைவாகத்தான் வாங்கும், அதுதான் காரணம். அப்புறம் இடத்துக்கு இடம் கதை மாறும். திருவிழா மைதானத்தில் சுவரே கிடையாது, ரிவெர்ப் (அறைக்குள் வாசிப்பது போன்ற முழக்கம்) கொஞ்சம் தூக்கலாக இருந்தால்தான் அழகு. டைல்ஸ் தரை போட்ட மண்டபத்தில் அதே ரிவெர்ப் எல்லாவற்றையும் கூழாக்கிவிடும். ஒவ்வொரு கச்சேரி முடிந்த பிறகும் கொஞ்சம் குறைத்து, கொஞ்சம் கூட்டி, திரும்ப எழுதி, இப்படியே இரண்டு வருஷம். ஒரு மெலடிக்கு வைத்திருந்த டிலே, அதாவது எதிரொலி திரும்பி வர எடுக்கும் நேரம், 469 மில்லி செகண்ட். அந்தப் பாட்டை நாங்கள் 96 டெம்போவில் வாசிப்போம். ஒரு தட்டுக்கு 625 மில்லி செகண்ட், அதில் முக்கால் பங்கு 469. எதிரொலி தபேலாவின் இடுக்கில் போய் உட்காரும். இந்தக் கணக்கை ஏன் சொல்கிறேன் என்பது பின்னால் தெரியும்.

கோளாறு என்னவோ சின்னதுதான். கேபிள் சொருகும் ஜாக் லூஸாகி, கிடாரை அசைத்தாலே கரகரவென்று சத்தம். போர்டில் ஜாக்கின் பற்று விட்டிருக்கும். கழற்றிப் பற்று வைத்தால் போதும், மிஞ்சிப்போனால் ஜாக்கை மாற்ற வேண்டியிருக்கும். கடையில் கொடுத்துவிட்டு மூன்றாம் நாள் எடுக்கப் போனேன். பில்: ஜாக் 350, லேபர் 600, சாஃப்ட்வேர் அப்டேட் 1,200. மொத்தம் 2,150 ரூபாய்.

"அப்டேட் நான் கேக்கலையே?"

"பழைய வெர்ஷன்ல இருந்துச்சு சார், லேட்டஸ்ட் போட்டுக் குடுத்திருக்கோம். இனிமே பிரச்சனையே வராது."

ஜாக்கில் பற்று விட்டதற்கும் சாஃப்ட்வேருக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. அந்த அப்டேட்டைத் தயாரிப்பாளரே இணையத்தில் இலவசமாகத்தான் தருகிறார். இரண்டும் எனக்கு அப்போதே தெரியும். இருந்தும் சண்டை போடாமல் காசைக் கொடுத்தேன், மறுநாள் கச்சேரி. அங்கேயே கிடாரைச் சொருகிப் பார்த்தேன், கரகரப்பு போயிருந்தது. பட்டன் எதையும் தொட்டுப் பார்க்கவில்லை. அதுதான் நான் செய்த முதல் தப்பு.

மறுநாள் திருமங்கலத்தில் ஒரு ரிசப்ஷன். வண்டி லேட், சவுண்ட் செக் செய்ய நேரமில்லை. இரண்டாவது பாட்டு ஒரு எண்பதுகளின் மெலடி, கிடாரோடுதான் ஆரம்பிக்கும். லேசான கோரஸ் எஃபெக்ட் போட்ட சுத்தமான சவுண்ட் அது, இரண்டாம் நம்பரில் இருக்கும். ஃபுட்ஸ்விட்ச்சை மிதித்து முதல் கார்டை மீட்டினேன். வந்தது டிஸ்டார்ஷன். சும்மா இல்லை, தகர ஷெட்டில் கிரைண்டர் ஓட்டியது போல. முன்வரிசையில் தாம்பூலப் பையோடு உட்கார்ந்திருந்த பெரியவர் இரண்டு காதையும் பொத்திக்கொண்டார். மூன்றை மிதித்தேன், வேறொரு ராக் சவுண்ட். நான்கு, குகைக்குள்ளிருந்து வருவது போல. எட்டுமே, விற்பனைக் கடையில் கஸ்டமரை அசத்துவதற்காகக் கம்பெனி வைத்து அனுப்பும் சவுண்டுகள். கீபோர்டு அண்ணன் நிலைமையைப் புரிந்துகொண்டு என் லைனை ஸ்ட்ரிங்ஸில் வாசித்துச் சமாளித்தார். மீதிக் கச்சேரி முழுக்க, பேட்ச்சை விட்டுவிட்டு முகப்பில் இருக்கும் குமிழ்களை வைத்தே ஓட்டினேன். ஒரு பாட்டுக்கும் அடுத்த பாட்டுக்கும் நடுவில் குனிந்து குனிந்து திருகியதில் இடுப்பு போனது.

அப்டேட் போட்டுவிட்டு ஃபேக்டரி ரீசெட் அடித்திருக்கிறார்கள். போன் செய்து கேட்டால் ஒப்புக்கொண்டார்கள். அந்தப் பதிலைத்தான் இன்னும் மறக்க முடியவில்லை: "வெறும் செட்டிங்ஸ்தானே சார், திரும்ப வச்சுக்கலாமே." ஆம்ப்பை வாங்கிக்கொண்டு கொடுத்த ஜாப் கார்டின் பின்பக்கம் பொடி எழுத்தில் 'டேட்டா இழப்புக்கு நிர்வாகம் பொறுப்பல்ல' என்று ஒரு வரி வேறு. சரி, ஆனால் அது தவறி நடக்கிற இழப்புக்குச் சொல்லலாம். கேட்காத வேலையைச் செய்து, அதனால் அழிந்தால்?

என்னிடம் பேக்கப் இல்லையா என்று கேட்பீர்கள். போனில் ஆம்ப் முகப்பைப் படம் எடுத்து வைத்திருந்தேன், அதுதான் பேக்கப் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அது எதற்கும் உதவாது. பேட்ச்சைக் கூப்பிட்டால் உள்ளே இருக்கும் அளவுகள்தான் மாறும், குமிழ் தானாகத் திரும்பாது. கெயின் குமிழ் 3-ஐக் காட்டிக்கொண்டு நிற்கும், சவுண்டில் கெயின் 7 இருக்கும். தொட்டால் சட்டென்று குமிழ் இருக்கும் இடத்துக்குத் தாவும். ஆக, என் படங்களில் இருந்தவை கடைசியாக நான் எதையோ திருகி விட்ட நிலைகள். டிலே நேரம், கேபினெட், நாய்ஸ் கேட் போன்றவற்றுக்கு முகப்பில் குமிழே கிடையாது. எல்லாம் மெனுவுக்குள்.

இரண்டாவது ஏமாற்றம் இங்கேதான் ஆரம்பிக்கிறது. எங்கள் வாட்ஸப் குழுவில் புலம்பினேன். ஒரே மணி நேரத்தில் ஒருவர் தனியாக மெசேஜ் அனுப்பினார். "மெமரி சிப்புல இருந்து எடுத்துடலாம் ப்ரோ, பண்ணியிருக்கேன்." 3,500 ரூபாய், பாதி அட்வான்ஸ். மனசு அடித்துக்கொண்டிருந்த நேரம், நம்பிவிட்டேன். ஆம்ப்பை வாங்கும்போது, "எந்த ஸ்லாட்ல என்ன பேரு, எந்த மாதிரி சவுண்டுன்னு ஒரு பேப்பர்ல எழுதிக் குடுங்க, வெரிஃபை பண்ண வசதியா இருக்கும்" என்றார். நானும் அழகாக எட்டையும் எழுதிக் கொடுத்தேன்.

நான்கு நாளில் திரும்பி வந்தது. திரையில் வரிசையாக எட்டுப் பெயர்கள், எல்லாம் என் பெயர்கள். கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. மீதிக் காசை ஜிபேயில் உடனே போட்டேன்.

வீட்டுக்கு வந்து வாசித்தால் விரலுக்கு ஒட்டவில்லை. என்னவோ சட்டை மாறிப்போன மாதிரி. நான்தான் ஒரு வாரமாக வாசிக்காமல் மறந்துவிட்டேனோ என்று முதலில் என் மேலேயே சந்தேகம். அப்புறம்தான் கவனித்தேன். இரண்டாம் நம்பரின் பெயர் கோரஸ். இரண்டு வருஷத்துக்கு முன் அதை ஆங்கிலத்தில் தட்டும்போது ஹெச் எழுத்தை விட்டுவிட்டேன். திருத்தச் சோம்பல், அப்படியே கிடந்தது. ட்ரூப்பில் அதைச் சொல்லிக் கிண்டல்கூடச் செய்வார்கள். பேப்பரில் மட்டும் சரியாக எழுதிக் கொடுத்திருந்தேன். இப்போது திரையில் இருந்ததும் சரியான எழுத்துகள், ஹெச்சோடு!

டிலேயைப் பார்த்தேன். 469 இல்லை, 400. இணையத்தில் ஆயிரக்கணக்கில் பேட்ச்சுகள் இலவசமாகக் கிடைக்கின்றன, அவரவர் பகிர்ந்து வைத்திருப்பவை. நான் எழுதிய வர்ணனைக்குத் தோதாக எட்டை இறக்கி, பெயரை மாற்றி, ஏற்றிக் கொடுத்திருக்கிறார். அரை மணி நேர வேலை.

போன் செய்தேன். அவர் சொன்ன பதில்: "ரெக்கவர் ஆகும்போது ஸ்பெல்லிங் ஆட்டோமேட்டிக்கா கரெக்ட் ஆயிருக்கும் ப்ரோ." கோபத்திலும் சிரித்துவிட்டேன். ரெண்டு நாள் விடாமல் கேட்டதில் 1,000 ரூபாய் திருப்பி அனுப்பினார், அதன் பின் என் நம்பரை பிளாக் செய்துவிட்டார். பில் இல்லை, ரசீது இல்லை, ஜிபே வரலாறு மட்டும்தான் மிச்சம்.

ரீசெட் அடித்தால் காலியாக விடுவதில்லை, உங்கள் பேட்ச் இருந்த இடத்தில் கம்பெனி பேட்ச்சை எழுதி வைக்கிறது. சேமித்தவை போய்விடும், முதலில் பேக்கப் எடுத்துக்கொள் என்றுதான் மேனுவல்களே எச்சரிக்கின்றன. தெருவில் கடை வைத்திருக்கும் ஒருவர் அதை நோண்டி எடுத்துவிடுவார் என்று நம்பாதீர்கள். அப்படியும் யாராவது எடுப்பேன் என்று வந்தால், பெயர்ப் பட்டியலை நீங்கள் கொடுக்காதீர்கள். அவரைச் சொல்லச் சொல்லுங்கள். நிஜமாகவே எடுத்தவருக்குப் பெயர் தெரிந்திருக்குமே.

சர்வீஸுக்குக் கொடுக்கும் முன் கம்ப்யூட்டரிலோ போன் ஆப்பிலோ எல்லாப் பேட்ச்சையும் ஃபைலாக எடுத்து, உங்களுக்கே மெயில் அனுப்பி வையுங்கள். இதில் ஒரு சின்ன விஷயம்: சில யூஎஸ்பி கேபிள்கள் சார்ஜ் மட்டும்தான் ஏற்றும், டேட்டா போகாது. அதைச் சொருகிவிட்டு ஆம்ப் கனெக்ட் ஆகவில்லை என்று நான் ஒரு வருஷம் பேக்கப்பைத் தள்ளிப் போட்டேன். கேபிள் 150 ரூபாய். அந்த ஆப்பில் பேட்ச்சின் அளவுகள் தெரியும் ஒவ்வொரு பக்கத்தையும் ஸ்க்ரீன்ஷாட் எடுப்பதும் நல்லது, புது வெர்ஷன் பழைய ஃபைலை ஏற்காமல் போனாலும் கையால் தட்டிக்கொள்ளலாம். ஜாப் கார்டில் 'ரீசெட், அப்டேட் கூடாது, தேவைப்பட்டால் போன் செய்யவும்' என்று உங்கள் கையாலேயே எழுதி, அவர்களிடம் கையெழுத்து வாங்குங்கள். சில கோளாறுகளுக்கு ரீசெட் நிஜமாகவே தேவைப்படும், அதை மறுக்கவில்லை. நம்மைக் கேட்டுவிட்டுச் செய்ய வேண்டும், அவ்வளவுதான். எடுக்கப் போகும்போது கையில் கிடாரோடு போய் ஒவ்வொரு பட்டனாக அமுக்கிக் கேட்டுவிட்டுக் காசு கொடுங்கள்.

முதல் கடைக்குத் திரும்பிப் போனேன். கேட்காத வேலைக்குக் காசு வாங்கியது சேவைக் குறைபாடு, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு போன் போடப் போகிறேன், பில் கையில் இருக்கிறது என்றேன். கொஞ்ச நேரம் முணுமுணுத்துவிட்டு அந்த 1,200-ஐத் திருப்பிக் கொடுத்தார்கள். பில் வாங்கியதால் வந்த காசு அது. பணம் கொடுத்ததும் பில்லைக் கசக்கிப் போடுகிற பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள். தொகை சின்னதாக இருந்தாலும் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம், ஐந்து லட்சம் வரையிலான வழக்குக்குக் கட்டணம் கிடையாது.

பேட்ச்சுகளைத் திரும்ப வைத்துக்கொண்டிருக்கிறேன். பழைய கச்சேரி வீடியோக்களைப் போட்டுக் கேட்டு, காதால் பிடித்து, இதுவரை ஐந்து ஆகியிருக்கிறது. போன வாரம் திண்டுக்கல் தம்பி ஒருவன் போன் செய்தான், என்னிடம் கொஞ்ச நாள் கிடார் கற்றவன். "அண்ணே, போன வருஷம் பிரண்டு லேப்டாப்புல இருந்து எனக்கு ஒரு பேட்ச் அனுப்புனீங்களே, ஞாபகம் இருக்கா?" எனக்குச் சுத்தமாக ஞாபகமில்லை. அனுப்பச் சொன்னேன். புது வெர்ஷன் ஏற்றுக்கொள்ளுமோ என்று பயந்துகொண்டே ஏற்றினேன், ஏற்றுக்கொண்டது. திரையில் கோரஸ் என்று வந்தது, ஹெச் இல்லாமல். இரண்டாம் நம்பர் பட்டனை விளக்கு சிமிட்டும் வரை அழுத்திப் பிடித்தேன்.